வீட்டுத் தோட்டச் செல்வத்தை அயலாருடன் பகிர்ந்துகொள்ளல்

(யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடைபெற்ற கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நெல் வயலைப் பற்றியும் மரக்கறித் தோட்டத்தைப் பற்றியும் உங்களுடன் பலமுறை பேசியுள்ளோம். இன்று உங்கள் வீட்டு வளவைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன். கிணற்றடியில் வாழை, வாய்க்காலோரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும், வேலியில் முருங்கையும் அகத்தியும், கோடியில் கறிவேப்பிலையும் தேசியும், முற்றத்துக்கு அப்பால் மாவும் பலாவும் நிற்கும் அவ்வளவு, வயல் பொய்த்த ஆண்டிலும் குடும்பத்துக்குக் கறி தருவது.

அவ்வளவிலுள்ள மரஞ்செடிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். கடையில் விலைகொடுத்து வாங்கியவை எத்தனை? கறிவேப்பிலை மாமியார் வீட்டிலிருந்து வந்திருக்கும். வாழை அடுத்த வளவிலிருந்து வந்திருக்கும். இராசவள்ளிக் கிழங்கைப் பாட்டனார் எங்கிருந்து கொணர்ந்தார் என்பதே மறந்து போயிருக்கும். கொடுக்கல் வாங்கலினாலேயே நம் வளவுகள் நிறைந்தன. இக்குடாநாட்டில் இடம்பெயர்ந்து சென்று, ஆண்டுகள் பல கழித்து மீண்ட குடும்பங்கள் இதனை நன்கறியும். வளவு பற்றையாய்க் கிடக்க, அயலார் கொடுத்த கன்றும் கதியாலுமே மீண்டும் வளவை வளவாக்கின. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரசாங்க ஊழியர் வீட்டுத் தோட்டஞ் செய்தற்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கப்பட்டமையும் உங்களுக்கு நினைவிருக்கும். நிலமும் நேரமும் கிடைத்தும், விதைக்கும் கன்றுக்கும் அலைந்தவர் பலர். அயலில் தாய்மரமும் கொடுக்கும் மனமும் உள்ள இடத்தில் அவ்வலைச்சல் இல்லை.

ஆதலின், எக்காலத்தில் எதனைக் கொடுக்கலாம், எவ்வாறு கொடுக்கலாம் என்பதை ஒழுங்காக நோக்குவோம்.

காலத்துக்கேற்ற கொடுக்கல் வாங்கல்

ஆவணி, புரட்டாதி மாதங்களில் மாரி மழையை எதிர்பார்த்து நிலத்தைப் பண்படுத்துகின்றோம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் நாற்றுமேடை இடுங் காலம் இது. ஒரு வீட்டுக்கு வேண்டிய கத்தரிக் கன்றுகள் பத்தோ இருபதோதான். அதற்கென ஐந்து வீட்டார் ஐந்து மேடை இடுவதிலும், ஒருவர் கத்தரியும், ஒருவர் தக்காளியும், ஒருவர் மிளகாயுமாக இட்டு நாற்றைப் பகிர்ந்துகொள்ளல் உழைப்பையும் விதையையும் மிச்சப்படுத்தும். ஆடி முதல் விழும் பனம்பழங்களின் விதைகளையும் இக்காலத்திலேயே சேர்த்துப் பாத்தியில் அடுக்குகின்றோம். பனையில்லாத வளவினருக்குச் சில விதைகள் கொடுத்தால் தை மாதத்தில் அவர்களும் கிழங்கு கிண்டுவர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் நடுகைக்கு உகந்தவை. மண் நனைந்த பின்னர் நட்ட கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்கள் எளிதில் வேர்விடும். முருங்கைத் தடி, மாதுளைத் துண்டு, வாழைக்குட்டி ஆகியவற்றையும் இக்காலத்தில் கொடுக்கலாம். வாழையில் ஒடுங்கிய வாள் போன்ற இலையுடைய குட்டியே சிறந்தது. அகன்ற இலையுடன் மெலிந்து நிற்கும் நீர்க்குட்டியைக் கொடுப்பது கொடுப்பவருக்கு அழகன்று. குழியில் நீர் தேங்குமிடத்தில் மேடாக்கி நடுதல் வேண்டும்.

தை, மாசி மாதங்களில் இராசவள்ளியும் பனங்கிழங்கும் எடுக்கப்படும். இராசவள்ளியில் நல்ல கிழங்கை உண்டு, சூம்பியதை விதைக்கு வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது தவறு. நோயற்ற, திரண்ட கிழங்கில் ஒரு பகுதியை ஒதுக்கி, நிழலும் காற்றோட்டமுமுள்ள இடத்தில் சித்திரை வரை வைத்திருங்கள். பின்னர் தோலுடன் துண்டாக்கி, எரு இட்ட குழியில் நடலாம். உங்கள் தேவைக்கு மேல் இரண்டு துண்டு அயலாருக்கும் ஒதுக்குங்கள்.

மாசி முதல் சித்திரை வரை வெயில் முதிருங் காலம். விதை எடுப்பதற்கு இதனிலும் வாய்ப்பான காலம் வேறில்லை. வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் பழுக்கும். பழத்தைப் பகிர்ந்து கொள்ளுங்கள். ஆனால் அதன் கொட்டையை நட்டு அதே பழத்தை எதிர்பாராதீர்கள். மாவின் குணம் மாறாதிருக்க ஒட்டுக்கன்றே வேண்டும். சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் புதிதாக எதனையும் பிடுங்கி நடாதிருத்தல் நன்று. வாழைக்கு முட்டுக்கொடுத்து, மரத்தடியில் சருகு பரப்பி, உள்ளதைக் காப்பதே அக்காலத்து வேலை.

விதையெடுக்கும் முறை

பயிற்றையும் வெண்டியும் காய் செடியிலேயே உலர்ந்த பின் பறிக்கப்படவேண்டும். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுக்கும்வரை விட்டு, பறித்துச் சில நாள் வைத்து, நீரில் பிசைந்து கழுவுங்கள். மிதப்பவற்றை நீக்கி, அடியில் தங்கும் விதைகளை எடுங்கள். தக்காளி விதையைச் சாற்றுடன் ஒரு நாள் புளிக்கவைத்துக் கழுவினால் வழுவழுப்பு நீங்கும். பாகல் விதையைச் சுற்றியுள்ள செந்நிறச் சதையையும் நன்கு கழுவுதல் வேண்டும்.

பூசணி போன்ற கொடிகளில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ ஒரு வளவின் மகரந்தத்தை மறு வளவுக்குக் கொண்டு செல்லும். அயலில் வேறு வகைப் பூசணி இருந்தால் உங்கள் விதை இனங் கலந்துவிடும். இதனைத் தவிர்க்க, மறுநாள் விரியவிருக்கும் ஆண்பூவையும், அடியில் சிறு பிஞ்சுடைய பெண்பூவையும் முதல்நாள் மாலையில் நூலினாற் கட்டிவையுங்கள். அதிகாலையில் அவிழ்த்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவி, பெண்பூவை மீண்டும் கட்டுங்கள். காம்பில் ஓர் அடையாள நூல் இருக்கட்டும். அக்காய் விதைக்கெனவே விடப்படவேண்டும். புடோலும் சுரையும் மாலையிலும் இரவிலும் பூப்பவை. அவற்றுக்கு இவ்வேலையை மாலையிற் செய்தல் வேண்டும்.

கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து விளைந்த காயில் விதையெடுத்து அயலாருக்குக் கொடாதீர்கள். அடுத்த தலைமுறை தாயைப் போல இராது. செடிக்குச் செடி வேறுபடும். நம்பி நட்டவர் ஏமாறுவர்.

எவ்விதையையும் நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத போத்தலில் இட்டு, பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். கொடுக்குமுன் பத்து விதையை ஈரத்துணியிற் சுற்றி முளைக்கவைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அதனை மறையாது சொல்லியே கொடுங்கள்.

கன்றோடு நோயும் செல்லும்

இனி, இப்பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகின்றேன். இதனை என் சொந்தப் பிழையொன்றினாலேயே விளக்குதல் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாரி தொடங்கிய வேளையில், என் வீட்டுக் கதலி வாழையின் குட்டிகளைத் தோண்டி நான்கு வீட்டாருக்குக் கொடுத்தேன். தாய்வாழையின் குருத்திலைகள் சற்று ஒடுங்கி நிமிர்ந்து நின்றதைக் கண்டும், நீர்க்குறைவெனக் கருதி விட்டுவிட்டேன். பிறருக்குப் போதனை செய்யும் நானே இலைக்காம்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அந்நான்கு வீட்டிலும் வாழையிலைகள் உச்சியில் கொத்தாகச் சேர்ந்து நின்றன. ஒன்றாயினும் குலை ஈனவில்லை. இலையும் பொத்தியும் விற்றுச் செலவை ஈடுசெய்து வந்த ஒரு வீட்டில், முன்பிருந்த நல்ல வாழைகளுக்கும் நோய் பரவிற்று. கொடுத்த கையே கெடுத்த கையாயிற்று.

அது முடிக்கொத்து நோய். இலங்கையில் 1913ஆம் ஆண்டிலேயே அறியப்பட்ட இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசு. வாழையில் வாழும் கரிய அழுக்கணவன் பூச்சி அதனை அருகிலுள்ள மரங்களுக்குப் பரப்பும். தூர இடங்களுக்குப் பரப்புபவர்கள் குட்டியைக் கொண்டுசெல்லும் நாமே. இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சை நிறப் புள்ளிகளும் கோடுகளும் காணப்படுதல் இதன் முதல் அடையாளம். நோய் தொற்றிய குட்டி சில வாரங்கள் நோயற்றது போலவே தோன்றும். ஆதலால் குட்டியை மட்டுமன்றி, தாய்மரத்தையும் அதன் பக்கத்து மரங்களையும் பார்த்தே எடுத்தல் வேண்டும். இதற்கு மருந்து இல்லை. நோயுற்ற மரத்தில் முதலில் பூச்சியை அழித்து, பின்னர் கிழங்கோடு தோண்டிச் சிறு துண்டுகளாக்கிப் புதைக்கவேண்டும். பூச்சியை அழிக்காது வெட்டினால் அது நல்ல மரங்களை நாடிச் செல்லும்.

வாழையோடு இது முடிவதில்லை. நாற்றின் வேரில் முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சுப் புழு. அந்நாற்று யாருக்கும் உதவாது. சாடியின் மண்ணில் ஆபிரிக்கப் பெரு நத்தையின் முட்டை இருக்கலாம். 1900ஆம் ஆண்டளவில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்நத்தை இன்று எத்தனை தோட்டங்களை அழிக்கின்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எருவோடும் மண்ணோடும் பாத்தீனியத்தின் விதை செல்லலாம். கரட் இலை போன்ற இலையும் சிறு வெண்பூவும் உடைய அக்களையைக் கண்டால், கையுறை அணிந்து, பூக்குமுன் பிடுங்கி அழியுங்கள். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப் பூச்சியும் வளவுக்கு வளவு விரைந்து பரவியது.

வெளிநாட்டிலுள்ள உறவினர் விடுமுறைக்கு வரும்போது விதையையும் கன்றையும் பெட்டியில் வைத்து அனுமதியின்றிக் கொணரல் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கட்டுப்படுத்துகின்றது. அன்பினால் கொணரும் ஒரு கன்று ஊர் முழுவதற்கும் கேடாகலாம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வளவு பார்த்தல்

இவற்றுக்கெல்லாம் எளிய வழியொன்று உண்டு. ஓர் ஒழுங்கையிலுள்ள ஏழெட்டு வீட்டார் ஆண்டில் மூன்று முறை ஒருவர் வளவை ஒருவர் சுற்றிப் பாருங்கள். மாரிக்கு முன் புரட்டாதியில் ஒரு முறை. அறுவடை ஓய்ந்த மாசியில் ஒரு முறை. சோளகம் எழுமுன் வைகாசியில் ஒரு முறை. யாரிடம் எது உண்டு, யாரிடம் எது இல்லை, எந்த மரம் நோயுற்றது என்பன அப்பொழுது யாவருக்கும் தெரியவரும். மாரியில் செழித்த வாழையைக் கோடையிலும் கண்ட பின்னரே அது தாய்மரமாகத் தக்கதா எனத் துணியலாம். ஒரு பருவத் தோற்றத்தை மட்டும் கண்டு நான் ஏமாந்தது போல் நீங்கள் ஏமாற வேண்டா. ஐயமுற்ற செடியை மறையாது காட்டுங்கள். நோயை மறைப்பவர் தம் வளவையும் காப்பதில்லை.

அருமையான வகை ஏதேனும் ஒரே வளவில் நின்றால், அதனைக் குறைந்தது மூன்று வளவுகளிலாவது நடுவியுங்கள். கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்தின் குளிர் அறைகளில் பல பயிர்களின் விதைகள் பாதுகாக்கப்படுகின்றன. ஆயினும், கிழங்கினாலும் குட்டியினாலும் பெருகும் வகைகள் மண்ணிலேயே உயிர்வாழ வேண்டியவை. ஒருவரிடம் அழிந்தாலும் மற்றவரிடமிருந்து மீளப் பெறலாம் என்பதே கொடையின் பெரும் பயன்.

என் குட்டியால் நட்டமடைந்த அம்மையார் அடுத்த ஆண்டு என் வீட்டுக்கு ஒரு சிறு பொதியில் பூசணி விதை கொணர்ந்தார். “தம்பி, நன்றாய்ப் பார்த்துத்தான் தருகிறேன், நீரும் பார்த்து வாங்கும்” என்றார். அவ்விதைகளை அவர் முன்னிலையிலேயே விரித்துப் பார்த்து வாங்கினேன். அவ்வினம் இன்றும் எங்கள் ஒழுங்கையில் ஆறு வீட்டில் படர்கின்றது.

பார்த்துக் கொடுங்கள், பார்த்து வாங்குங்கள். வரும் புரட்டாதியில் உங்கள் வளவைச் சுற்றி வரும்போது, அயலாருக்கென ஒரு பாத்தியைக் கூடுதலாக ஒதுக்கிவையுங்கள். ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இலையையோ வேரையோ கொணர்ந்து காட்டுங்கள்.