கேட்காமல் விட்ட கேள்வி

பட்டிமன்றத் தலைப்பு: ஒரு நிறுவனம் சரியப் பெரிதும் காரணம் தலைவரின் பேராசையா? இயக்குநர்களின் மௌனமா?

('இயக்குநர்களின் மௌனமே' என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே, மௌனத்தை எதிர்த்து உரக்கப் பேச வந்திருக்கும் என் அணி நண்பர்களே, எதிரே அமர்ந்திருக்கும் பேராசைக்காரர்களே... மன்னிக்கணும், பேராசையைப் பற்றிப் பேச வந்தவர்களே, (சிரிப்பு) அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே!

இன்றைக்கு இயக்குநர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று காலையில் வீட்டில் சொன்னேன். என் மனைவி உடனே, "எந்தப் படம் எடுத்தவரு?" என்றார். (சிரிப்பு) நம்ம ஊரில் இயக்குநர் என்றால் சினிமாதான். இது கம்பெனி இயக்குநர்ம்மா, டைரக்டர் போர்டு என்று விளக்கினேன். "ஓகோ, அவங்க என்ன செய்வாங்க?" என்றார். கூட்டம் நடக்கும், போவாங்க, காபி சாப்பிடுவாங்க, கையெழுத்துப் போடுவாங்க என்றேன். "அப்ப கல்யாண வீட்டு மொய் மாதிரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். (கைதட்டல்) முப்பது வருஷமாக மேடையில் பேசும் எனக்கு இப்படி ஒரு வரி கிடைத்ததில்லை.

சினிமா இயக்குநருக்கும் கம்பெனி இயக்குநருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு நடுவர் அவர்களே. காட்சி தப்பாகப் போனால் சினிமா இயக்குநர் 'கட்' என்று கத்துவார். கம்பெனி இயக்குநர் பல பேருக்கு அந்த ஒரு சொல்தான் வாயில் வருவதில்லை. என் வாதமே அதுதான்.

எதிரணியில் பேசிய தங்கை அழகாகக் கேட்டார். "திருடினவன் ஒருத்தன், பழி காவல்காரன் மேலேயா?" என்றார். அம்மா, வீட்டுக் காவல்காரன் கையில் சாவி இருக்காது. இவர்கள் கையில் சாவி இருக்கிறது. இவர்கள் கையெழுத்து இல்லாமல் பெட்டி திறக்காது. திறந்துவிட்டு, "நான் கைவைக்கலியே" என்று சொன்னால் எப்படி?

பேராசை புதுசா நடுவர் அவர்களே? மனிதன் பிறந்த அன்றே அதுவும் பிறந்தது. தலைவனுக்கு ஆசை வரும், பேராசையும் வரும் என்று தெரிந்துதானே பக்கத்தில் பத்துப் பேரை உட்கார வைத்தார்கள்? மழை வரும் என்றுதான் குடை வாங்குகிறோம். நனைந்துவிட்டு மழையைத் திட்டி என்ன பயன்? குடையை ஏன் விரிக்கவில்லை என்று கேட்க வேண்டாமா? (கைதட்டல்)

ஒரு நிஜ வழக்குக்கு வருகிறேன். ஐதராபாத்தில் 1987-ல் தொடங்கிய கம்ப்யூட்டர் நிறுவனம் சத்யம். சுமார் 50 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 2008-ல் நல்ல நிர்வாகத்துக்காகத் தங்க மயில் விருது கூட வாங்கினார்கள். (சிரிப்பு) பிறகு அந்த மயிலைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள், அது வேறு கதை.

அந்த இயக்குநர் குழுவில் யார் யார்? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். இந்திய அரசின் அமைச்சரவைச் செயலாளராக இருந்தவர் ஒருவர். பென்டியம் சிப் உருவாக்கியதில் புகழ்பெற்றவர் ஒருவர். வணிகக் கல்லூரியின் தலைவர் ஒருவர். அறிவுக்குப் பஞ்சமா? இல்லை. 2008 டிசம்பர் 16-ஆம் தேதி அவர்கள் முன் ஒரு தீர்மானம் வந்தது. மைடாஸ் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள், ஒன்று நிலம் வாங்கி விற்பது, இன்னொன்று கட்டுமானம். அவற்றைச் சுமார் 160 கோடி டாலருக்கு, அன்றைய மதிப்பில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து, சத்யம் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பெனிகளை நடத்தியது யார்? சத்யம் தலைவர் ராமலிங்க ராஜுவின் பிள்ளைகள்!

சத்யம் என்ற சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். மைடாஸ் என்று வரும். (சிரிப்பு) சத்தியத்தைத் தலைகீழாகப் போட்டு ஒரு கம்பெனிக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நிலம் எதற்கு? அப்பா கம்பெனிப் பணத்தில் பிள்ளை கம்பெனியை ஏன் வாங்க வேண்டும்? கேள்வியே வரவில்லை என்று சொன்னால் அது பொய். சில கேள்விகள் வந்தன. ஆனால் கடைசியில் என்ன ஆயிற்று? ஒருமனதாக நிறைவேறியது.

இனிமேல்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. அறிவிப்பு வெளியே வந்ததும் முதலீடு செய்தவர்கள் கொதித்துப் போனார்கள். "எங்க பணத்தை எடுத்து உங்க குடும்பத்துக்கா?" என்று கேட்டார்கள். அமெரிக்கச் சந்தையில் பங்கு விலை பாதிக்குக் கீழே போனது. விடிவதற்குள் ஒப்பந்தத்தைக் கைவிட்டார்கள். அடுத்த 22-ஆவது நாள், 2009 ஜனவரி 7, ராஜு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். கணக்குப் புத்தகத்தில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை! வெறும் எழுத்து! பொய்ச் சொத்தை நிஜச் சொத்தால் நிரப்பும் கடைசி முயற்சிதான் மைடாஸ் என்றும் எழுதினார். புலி மேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவித்தது போல இருந்தேன் என்றார்.

எதிரணி நண்பர்களே, நன்றாகக் கவனியுங்கள். பேராசை அந்தக் கம்பெனிக்குள் பல வருஷமாக இருந்தது. யாரும் அதை அசைக்க முடியவில்லை. கேள்வி எத்தனை நேரம் இருந்தது? ஒரே ஒரு ராத்திரி! அந்த ஒரு ராத்திரிக் கேள்வியில் பல வருஷப் பேராசை படுத்துவிட்டது. (பலத்த கைதட்டல்) வெளியே இருந்தவன் கேட்ட கேள்விக்கே இந்த வலிமை என்றால், உள்ளே சாவியோடு இருந்தவர்கள் நிறுத்திப் பிடித்துக் கேட்டிருந்தால்?

அவர்கள் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் காகிதத்தையே போலியாகத் தயாரித்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் வேண்டும். ஆனால் "அப்பா ஏன் பிள்ளையிடம் வாங்குகிறார்? வேண்டாம்" என்று சொல்ல எந்தத் தணிக்கையாளர் வேண்டும்? நம்ம வீட்டுப் பாட்டி போதுமே! (சிரிப்பு)

இன்னொரு சாட்சியும் உண்டு. கடிதம் வந்த இரண்டாம் நாள், ஜனவரி 9-ஆம் தேதி, மத்திய அரசு அந்தக் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமைக்கத் தொடங்கியது. தீபக் பரேக், கிரண் கார்னிக் போன்றவர்கள் வந்தார்கள். நம்ம சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி.என்.மனோகரனும் அடுத்துச் சேர்ந்தார். நூறு நாள் ஆவதற்குள், ஏப்ரலில், டெக் மகிந்திரா நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்தது. அதே கட்டடம், அதே ஊழியர், அதே நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மாறினார்கள், கம்பெனி பிழைத்தது. ராஜு உள்ளிட்ட பத்துப் பேருக்கு 2015-ல் ஐதராபாத் தனி நீதிமன்றம் ஏழாண்டு தண்டனை கொடுத்தது, அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

இந்த அடிக்குப் பிறகு வந்தது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். 1956-ஆம் வருஷச் சட்டம் இயக்குநரின் கடமை என்னவென்று ஓரிடத்தில் தொகுத்துச் சொல்லவில்லை. புதுச் சட்டம் 166-ஆவது பிரிவில் சொல்கிறது. நல்லெண்ணத்தோடு நடந்துகொள். பங்குதாரர் நலன் மட்டுமல்ல, ஊழியர், சமுதாயம், சுற்றுச்சூழல் நலனையும் பார். கவனத்தோடும் திறமையோடும் முயற்சியோடும் வேலை செய். சொந்த புத்தியில் முடிவெடு. உன் லாபமும் கம்பெனி லாபமும் மோதுகிற இடத்தில் நிற்காதே. முறையில்லாத லாபத்தை உனக்கோ உன் உறவுக்கோ தேடாதே. உன் பதவியை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுக்காதே. மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்காவது சார்பற்ற இயக்குநர்கள் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். முதலாளிக்கு உறவில்லாதவர், கொடுக்கல் வாங்கல் இல்லாதவர். எங்கள் வீட்டில் நான் சார்பற்ற இயக்குநர். என் அம்மாவுக்கும் என் மனைவிக்கும் வாக்குவாதம் வந்தால் நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன். (சிரிப்பு) என் மகள் சொன்னாள், "அப்பா, அதுக்குப் பேரு சார்பின்மை இல்ல, பயம்." (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பல போர்டுகளின் நிலைமை அதுதான் நடுவர் அவர்களே. இயக்குநருக்கு ஒரு கூட்டத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை அமர்வுப் படி தரலாம். பெயரைப் பாருங்கள், அமர்வுப் படி! அமர்வதற்குத்தான் படி, பேசுவதற்கு இல்லை. அதனால் அமர்ந்தே இருந்துவிடுகிறார்கள். (சிரிப்பு) ஆனால் சட்டம் விடவில்லை. உனக்குத் தெரிந்து, உன் சம்மதத்தோடு தவறு நடந்தால் நீ பொறுப்பு. அதோடு நிற்கவில்லை. போர்டு முன்னால் வந்த விஷயத்தில் நீ செய்ய வேண்டிய முயற்சியைச் செய்யாமல் இருந்தாலும் நீ பொறுப்பு. மௌனத்துக்கும் சட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது.

பாரதத்தில் ஒரு போர்டு மீட்டிங் வருகிறதே! பாஞ்சாலி சபையில் நின்று கேட்டது ஒரு சட்டக் கேள்வி. தன்னைத் தோற்றவன் என்னை வைத்து ஆட உரிமை உண்டா? பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், கிருபர் இருந்தார். பெரிய பெரிய தகுதி! இவர்கள் சூதாடினார்களா? இல்லை. சேலையைத் தொட்டார்களா? இல்லை. ஆனால் அவையில் இருந்தார்கள். தர்மம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். எழுந்து தப்பு என்று சொன்னவன் யார் தெரியுமா? விகர்ணன். துரியோதனன் கூடப் பிறந்த தம்பி! சார்பற்ற இயக்குநர்கள் அத்தனை பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, முதலாளி குடும்பத்துப் பிள்ளை ஒருத்தன் எழுந்து நின்றான். (கைதட்டல்) குருக்ஷேத்திரத்தில் பிணம் விழுந்தது பதினெட்டு நாளில். ஆனால் அந்தக் குலம் விழுந்தது அந்த அவையில்.

கடைசியாக ஒன்று. இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

என் அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊரில் ஒரு நிதி நிறுவனம் தொடங்கினார்கள். நூற்றுக்கு இருபத்து நாலு வட்டி. "ஐயா, நீங்க டைரக்டரா இருந்தா போதும், ஒரு வேலையும் கிடையாது" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாசம் ஒரு கூட்டம். மாடியில் நடக்கும். மிக்சர், காபி, மினிட்ஸ் நோட்டில் கையெழுத்து. அப்பா திருநீறு பூசிக்கொண்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போவார். வாத்தியார் இருக்கிறார் என்று ஊரே பணம் போட்டது.

1997-ல் ஒரு நாள் காலை கதவு திறக்கவில்லை. நடத்தியவர் ஊரில் இல்லை. அதே ஆண்டுதான் பணம் போட்டவர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அது வந்து என்ன, அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் ஊர் நின்றது. கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர் வந்தார். திட்டவில்லை, அழவில்லை. "வாத்தியாரய்யா, நீங்க இருக்கீங்கன்னுதான் போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார்.

அப்பா இரண்டு ஏக்கர் நிலத்தை விற்றார். தன்னை நம்பிப் போட்டவர்களுக்கு முடிந்தவரை கொடுத்தார். எல்லாருக்கும் பத்தவில்லை. "நீங்க ஒரு பைசா எடுக்கலியேப்பா, எதுக்கு விக்கிறீங்க?" என்று நான் சண்டை போட்டேன். அப்பா சொன்னார், "நான் எடுக்கலடா. ஆனா நான் கேக்கலியே. இருபத்து நாலு வட்டி எங்கேருந்து வருதுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருந்தா..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், "புரியலேன்னா கேளு, கேக்காதவன்தான் முட்டாள்" என்று முப்பத்தைந்து வருஷம் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா. அந்த மாடியில் மட்டும் அவர் கேட்கவில்லை. ஏன்? மரியாதையாக அழைத்தார்கள், கேட்டால் மரியாதையில்லை என்று நினைத்தார். நம்ம ஊரில் பாதிக் கேள்விகளைக் கொல்வது பயமில்லை நடுவர் அவர்களே, இந்த மரியாதைதான்.

போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து என்னையே இயக்குநராக அழைத்தார்கள். "உங்க பேரு போதும் சார், வேலை ஒண்ணுமில்ல" என்றார்கள். அப்படியா, முதலில் மூணு வருஷக் கணக்கைக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன் என்றேன். அதற்கப்புறம் போனே வரவில்லை. (சிரிப்பு, கைதட்டல்) அப்பா விற்ற நிலம் எனக்குத் திரும்பக் கிடைத்தது போல இருந்தது அன்றைக்கு.

தவறு செய்யும்போது இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுப்பதற்குப் பகைவனே இல்லாவிட்டாலும் தானாகக் கெடுவான் என்பது வள்ளுவர் தீர்ப்பு. குறளைச் சொல்ல வேண்டியதில்லை, முன்வரிசையிலேயே முணுமுணுப்பது கேட்கிறது. மன்னனின் பேராசையை அவர் அங்கே குற்றம் சொல்லவில்லை. பக்கத்தில் ஆளில்லாததைச் சொன்னார். ஆகவே நடுவர் அவர்களே, ஆசைப்படுகிறவன் ஒருவன் எல்லாக் காலத்திலும் இருப்பான். கேட்கிறவன் இருந்தால் கம்பெனி நிற்கும், கேட்காவிட்டால் சரியும். நிறுவனம் சரியக் காரணம் இயக்குநர்களின் மௌனமே, மௌனமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)