பாதி நினைவில் நின்ற புத்தகம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கிளினிக்குக்கு வருகிற அம்மாமார், "டொக்டர், அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை முடிஞ்சு போச்சு" என்பார்கள். வெள்ளைக் குளிசை எத்தனையோ இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயனில்லை. என்ன வருத்தத்துக்குத் தந்தது, காலையிலா இரவிலா போடுகிறவர் என்று கேட்டுக்கொண்டு போனால் மருந்து பிடிபட்டுவிடும்.

போன வருடம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாடப்புத்தகத்தை இப்படித்தான் தேடினோம். 1991இல், ஆண்டு 5இல் படித்தது. கிணற்றடியைப் பற்றி அதில் ஒரு பாடம். கொதித்தாறிய நீர் குடிக்க வேண்டும், மலசலகூடம் கிணற்றுக்குக் கிட்ட இருக்கக்கூடாது என்று வரும். புத்தகத்தின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. ரொறன்ரோவில் இருப்பவள் சுகாதாரப் புத்தகம் என்றாள். லண்டனில் இருப்பவள் சுற்றாடல் என்றாள். இன்னொருத்தி தமிழ்ப் புத்தகம் என்று சத்தியமே பண்ணினாள். பாடத்தில் ஒரு துலா இருந்தது என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை.

எங்கள் பிரதிகள் எங்களிடம் இல்லை. அந்த நாட்களில் இருவருக்கு ஒரு புத்தகம். இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று கொண்டுபோய் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது சைக்கிளில் ஏறியது உடுப்பும் அரிசியும்தான்.

ஆனால் ஒரு வசதி இருந்தது. 1980 முதல் அரசாங்கம் இலவசப் பாடநூல் தருகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் அட்டன் பிள்ளையும் படித்தது ஒரே புத்தகம். ஆகவே எங்களோடு படிக்காதவர்களிடமும் விசாரித்தோம். என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்புத் தாதி ஒருவர், வீட்டு றங்குப்பெட்டியில் இருந்த புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பினார். கிணறு இருந்தது. கொதித்தாறிய நீர் இருந்தது. ஆனால் துலா இல்லை, கப்பியும் வாளியும்தான்.

படத்தைப் பார்த்ததும் லண்டன்காரிதான் முதலில் எழுதினாள்: "துலாவை ரீச்சரல்லோ போர்ட்டில கீறினவா!" பிறகு ஒவ்வொன்றாக வந்தது. "கண்ணுக்குத் தெளிஞ்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணி இல்லை, பிள்ளையள்." வயிற்றோட்டத்தோடு பிள்ளையைத் தூக்கி வரும் தாய்மாருக்கு இன்றும் நான் சொல்லும் வசனம் இது. புத்தகத்தில் இந்த வசனம் கிடையாது.

புத்தகம் முழு இலங்கைக்கும் எழுதப்பட்டது. எங்கள் குடாநாடோ சுண்ணக்கல் நிலம். மேலே ஊற்றுவது வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். எங்கள் ஊருக்கு வேண்டிய அந்த மிச்சப் பாடத்தை ரீச்சர்தான் சேர்த்துத் தந்திருக்கிறார். பாதி நினைவில் நின்ற புத்தகத்தில் நன்றாக நின்றது அவருடைய பாதி.

புத்தகத்தை இனியும் தேடி எடுக்கலாம். ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில் இன்னொரு பிரதி இருக்கும். ஆசிரியர் சொன்னதற்கு இன்னொரு பிரதி இல்லை. அது எங்கள் தலைகளுக்குள் மட்டும்தான் இருக்கிறது. எங்களைப் படிப்பித்தவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். கொழும்பிலோ கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ உங்கள் வீட்டில் பழைய பாடப்புத்தகம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில், எங்கள் நூல்கள் வருடி எடுக்கப்பட்டு எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. உங்கள் புத்தகமும் அங்கே போய்ச் சேரட்டும். மற்றது, புத்தகத்தில் இல்லாமல் உங்கள் ரீச்சர் சொன்ன ஒரு வசனத்தை வகுப்பையும் வருடத்தையும் போட்டு எழுதி, சங்கத்துக்கு அனுப்புங்கள். ஒரு தாள் போதும். அந்த ரீச்சர் இருக்கிறபோதே அவருக்கும் ஒருக்கால் வாசித்துக் காட்டுங்கள்.