ஊசுட்டேரியும் நாமும்

 

வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் மேடையில் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசப் பணிக்கப்பட்டோம். "வேலைக்கும் வீட்டு மனைக்கும் அலைகின்ற நமக்கு ஏரியையும் பறவையையும் பற்றிய கவலை எதற்கு?" என்று இளைஞர் சிலர் கருதக்கூடும். நியாயமான கேள்வியே. அதற்கு விடை கூற முயல்வோம்.

புதுச்சேரி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஊசுட்டேரி இருக்கிறது. நம் பகுதியின் மிகப் பெரிய ஏரி அதுவே. அதன் ஒரு பகுதி தமிழ்நாட்டில் உள்ளது. சங்கராபரணி ஆற்று நீர் வாய்க்கால் வழியே அதனை வந்தடைகிறது. மழைக்காலம் முடிந்ததும் நாமக்கோழிகளும், நாரைகளும், வடதிசையிலிருந்து வலசை வரும் வாத்தினங்களும் அங்கே கூடுகின்றன. 2008ஆம் ஆண்டு புதுச்சேரி அரசு தன் எல்லைக்குட்பட்ட பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

நம் ஊரில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. நாம் பருகுவது நிலத்தடி நீர். ஏரியில் தேங்கும் நீரே மண்ணுள் இறங்கி அதனைப் பெருக்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கடலோரத்தில் உப்பு நீர் உட்புகும். அவ்வாறு உவர்த்த கிணறு எளிதில் மீள்வதில்லை. மீனும் நத்தையும் பூச்சியும் வாழும் நீரையே பறவை நாடும். ஆதலின் பறவைகள் ஓர் ஏரியைக் கைவிடுமானால் நாமும் விழித்துக்கொள்ள வேண்டும். கிணறு உவர்த்தால் வசதி படைத்தோர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வர். குடத்துடன் வரிசையில் நிற்பவர்கள் நம் தாய்மார்களே.

மாசும் அத்தகையதே. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சுவாயு பரவியபோது முதலில் மடிந்தவர்கள் ஆலையை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள். 2024 ஜூன் மாதம் நம் ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே எழுந்த நச்சுவாயு மூன்று பெண்களின் உயிரைப் பறித்தது. அவர்களுள் ஒருத்தி பள்ளிச் சிறுமி. நச்சுவாயுவுக்குச் சாதி தெரியாது. ஆயின் சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படுவோர் எவர் என்பதைச் சாதியே தீர்மானித்து வந்துள்ளது. பாதுகாப்பின்றி மனிதரை அதனுள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டத்தை நம் இளைஞர் ஒவ்வொருவரும் படித்தறிதல் கடமையாகும்.

மின்சாரத்தையும் எண்ணிப் பார்ப்போம். நமக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி நெய்வேலியிலிருந்து வருகிறது. அங்கே பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுப்பதற்கு நிலத்தடி நீரை ஓயாது இறைத்தாக வேண்டும். அதனை எரித்தால் புகையும் சாம்பலும் எஞ்சும். நாம் வீணே எரியவிடும் விளக்கு அயலூர் உழவரின் நீரைக் குடிக்கிறது. 60 வாட் குண்டு விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட் செலவாகும். ஏறத்தாழ அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது. இச்சிக்கனம் நாட்டுக்கும் நலம். நம் பணப்பைக்கும் நலம்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகத் நகரின் சவுதார் குளத்தில் நீரள்ளிப் பருகினார். பொது நீரில் நமக்கும் பங்குண்டு என்பதை அச்செயலால் நிலைநாட்டினார். பங்குரிமை பெற்ற நீர் பாழாகிப் போனால் அவ்வுரிமையால் பயன் என்ன? உரிமை உடையவரே காவலும் ஏற்க வேண்டும்.

ஆகவே கழகத்தின் முன் மூன்று பணிகளை வைக்கிறோம். முதலாவது, நம் குடியிருப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் சுவையையும் ஆண்டுக்கு இருமுறை மாணவர்கள் குறித்து வைக்கட்டும். இரண்டாவது, கழிவு கொட்டப்படும் இடங்களைப் பற்றி 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதப் பயிற்சி அளிக்கப்படட்டும். மூன்றாவது, வேதியியலும் தாவரவியலும் சட்டமும் கற்க நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ஊக்கம் தரப்படட்டும். நீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்திலும், கழிவைப் பற்றி முடிவெடுக்கும் அலுவலகத்திலும் நம்மவர் அமர்தல் வேண்டும்.

கற்றவர் பெருகிய சமுதாயத்தின் வாசலில் குப்பையைக் கொட்ட எவரும் துணியார். அந்நாளைக் கொணரும் பொறுப்பு இளைஞர்களாகிய உங்களுடையது என்று கூறி அமைகிறோம்.