தொழுகையின் நிலைகளும் நோக்கமும்

திண்டுக்கல்லின் பேகம்பூர், 1755இல் மைசூர் அரசின் சார்பில் இவ்வூருக்குப் பவுஜ்தாராக, அதாவது படையையும் வரிவசூலையும் ஒருங்கே கவனிக்கும் அதிகாரியாக வந்த ஐதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வழங்குகிறது. பேகத்தின் அடக்கத்தலம் அங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்திலேயே இருப்பினும், ஐந்து வக்து, அதாவது தொழுகை நேரங்களிலும் ஸஃப் எனப்படும் வரிசைகளில் தோளோடு தோள் சேர நிற்போர் முகம் வைப்பது மக்காவின் கஃபாவை நோக்கியே. திண்டுக்கல்லிலிருந்து அந்தக் கிப்லாத் திசை நேர்மேற்கினின்று 20 பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே சாய்கிறது.

இறைவனை நினைவுகூரும்பொருட்டுத் தொழுகையை நிலைநாட்டுமாறு குர்ஆனின் 20ஆம் அத்தியாயம் பணிக்கிறது. அந்நினைவை நெஞ்சோடு நிறுத்தாமல் உடலின் கடமையாகவும் ஆக்கியிருப்பதே தொழுகையின் தனித்தன்மை. ஒளு என்னும் உடல் தூய்மை செய்து, நிய்யத் என்னும் எண்ணம் வைத்து, இரு கைகளையும் உயர்த்தி ‘அல்லாஹு அக்பர்’ என்னும் தக்பீர் கட்டியவர், கியாம் எனப்படும் நிற்கும் நிலையில் குர்ஆனை ஓதுகிறார். ருகூவில் முழங்கால்களைக் கைகளால் பற்றி முதுகு சமமாகும்படி குனிகையில் ஓதுதல் நின்று துதி தொடங்குகிறது. சஜ்தாவிலோ மூக்கோடு கூடிய நெற்றி, இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என ஏழு உறுப்புகள் தரையில் படிகின்றன. நிற்கையில் உயர்ந்திருந்த நெற்றி மண்ணைத் தொடும் அந்நிலையிலேயே அடியான் இறைவனுக்கு மிக நெருங்குகிறான் என்பது நபிமொழியின் கருத்து. நாள்தோறும் கடமையான 17 ரக்அத்துகளில், அதாவது தொழுகைச் சுற்றுகளில், சுற்றுக்கு இரு சஜ்தாவாக அந்நெருக்கம் 34 முறை வாய்க்கிறது.

திண்டுக்கல் வட்டாரத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும் (சட்டப் பள்ளியையும்), காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊரார் ஷாஃபி மத்ஹபையும் பின்பற்றுவதால், முன்னவருள் ஆண்கள் தொப்புளுக்குக் கீழேயும் பின்னவர் அதற்கு மேலேயும் கை கட்டுவர். ருகூவுக்குச் செல்கையில் மீண்டும் கைகளை உயர்த்துவது ஷாஃபிகளின் வழக்கம். இரு சாராரும் ஒரே இமாமின் பின்னால் தொழத் தடையில்லை. சச்சரவு தேடுவோர்க்கே இவ்வேறுபாடு பெரிய செய்தி.

தொழுகையை உடற்பயிற்சியாகப் புகழ்வது மேடைகளில் இப்போது வாடிக்கையாகிவிட்டது. மூட்டுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் நல்லதென்னும் அப்புகழ்ச்சி தொழுகையைக் குறைத்தே மதிப்பிடுகிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தபடி தலையசைவாலும் தொழ வேண்டுமென்பது சட்டம். பயிற்சிதான் நோக்கமெனில் படுக்கையில் கிடக்கும் நோயாளியை முதலில் விட்டிருப்பார்கள் அல்லவா?

நிலைகள் பொருளோடு எவ்வளவு இறுகப் பிணைந்தவை என்பதற்கு ஜனாஸாத் தொழுகை வலுவான சான்று. மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, முன்னே வைத்துத் தொழுவதாகிய இதில் ருகூவும் இல்லை, சஜ்தாவும் இல்லை. நின்றபடியே நான்கு தக்பீர்கள் சொல்லப்பட்டு, மூன்றாவதன் பின் இறந்தவருக்காகத் துஆ என்னும் வேண்டுதல் கேட்கப்பட்டு, சலாத்தோடு தொழுகை முடிகிறது. கிடத்தப்பட்டிருப்பவர் எத்தகைய பெரியவராயினும் அவரை வணங்குவதாகத் தோன்றுவதற்குக்கூட இடம் வைக்கலாகாது என்பதே இதற்கு அறிஞர் கூறும் விளக்கம்.