கால் ஓய்ந்தால் வயதா காரணம்?



45 வயது அம்மா ஒருவர் சந்தைக்குப் போய்த் திரும்புகிறார். வாசலில் மகள் கேட்கிறாள்: “அம்மா, இன்னொரு செருப்பு எங்கே?” அம்மா குனிந்து பார்க்கிறார். ஒரு காலில் செருப்பு இல்லை. வழியில் கழன்றது அவருக்குத் தெரியவில்லை.

“வயசாச்சு, கால் ஓய்ந்து போச்சு” என்கிறார் அம்மா. இல்லை. 45 கால் ஓயும் வயது அல்ல. காரணம் இருக்கிறது.

சர்க்கரை நோய் முக்கியக் காரணம். பல ஆண்டு கவனிக்காமல் விட்டால் கால் நரம்பு கெடும். பாதம் எரியும். பிறகு மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. அந்தப் புண் முற்றினால் காலையே எடுக்க வேண்டி வரும்.

சத்துக் குறைவும் காரணம். டி வைட்டமின் குறைந்தால் தரையிலிருந்து எழுவது சிரமம். இது வெயில் படாதவர்களுக்குக் குறையும். பி-12 வைட்டமின் குறைந்தால் கால் மரக்கும், நடை தள்ளாடும். இது பால், முட்டை, மீன், இறைச்சியில் இருக்கிறது.

முதுகெலும்பில் நரம்பு அழுந்தினால், வலி இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும்.

பீடி, சிகரெட் ரத்தக் குழாயை அடைக்கும். நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும். நின்றால் வலி குறையும். சாராயமும் நரம்பைக் கெடுக்கும்.

இவை மெல்ல வருபவை. திடீரென வருவது ஆபத்து. ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டதா? வாய் கோணுகிறதா? பேச்சு குழறுகிறதா? அது பக்கவாதம். எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. 112-க்குப் போன் செய்யுங்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இரண்டு காலும் பலம் இழந்து, சிறுநீர் போகாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

30 வயது ஆனவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள். சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 126 அல்லது அதற்கு மேலா? டாக்டரிடம் கேளுங்கள். மறுபடி சோதித்து உறுதி செய்வார்.

எண்கள் உங்களுக்குத் தெரியும். உங்கள் சீட்டை நீங்களே படியுங்கள். இரவு படுக்குமுன் பாதத்தையும் ஒருமுறை பாருங்கள்.