தொப்பி கேட்கிறதா?



இன்றைக்கு மிருதங்கத்தையும் ஒலிப்பதிவு அறைக்குள் எடுத்து வந்திருக்கிறேன். பேச்சுக்கு நடுவில் தட்டிக் காட்டுவேன். நான் சொல்லப்போவதை நீங்கள் காதால்தான் சரிபார்க்க முடியும்.

புதுச்சேரி உழவர்கரையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ரெட்டியார்பாளையம், மூலகுளம், லாஸ்பேட்டை, எந்த மாணவர் வீட்டுக்குப் போனாலும் கூடத்தில் உள்ளங்கை அகல ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. சிலரிடம் எக்கோ டாட், சிலரிடம் கூகுள் நெஸ்ட் மினி. பாட்டுப் போடச் சொன்னால் போடுகிறது. குரல் வருகிறது, வயலின் வருகிறது. மிருதங்கம் மட்டும் பாதிதான் வருகிறது. கணீரென்ற முகமான வலந்தலை கேட்கிறது, தாழ்ந்த ஒலி தரும் மறுமுகமான தொப்பி கேட்பதில்லை. இந்தக் குறையை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதோ வலந்தலையில் ஒரு ‘நம்’. இப்போது தொப்பியில் ஒரு ‘தொம்’. மறுபடியும், தொம். நீங்கள் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தால் முதல் அடி கணீரென்று வந்திருக்கும். இரண்டாவது அடி, மேசையை விரலால் தட்டியது போல ‘டக்’ என்று வந்திருக்கும். அப்படித்தான் வந்தது என்றால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

நெஸ்ட் மினிக்குள் ஒலியை எழுப்பும் கூம்பின் குறுக்களவு 40 மில்லிமீட்டர். எக்கோ டாட் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் 1.6 அங்குலம், ஐந்தாம் தலைமுறையில் 1.73 அங்குலம். அடித்தள ஒலி எழ வேண்டுமானால் நிறையக் காற்றை அசைக்க வேண்டும். தொப்பியின் தோல் ஏறக்குறைய ஏழு அங்குல அகலம், அதன் நடுவில் ரவை அப்பியிருக்கிறோம். அந்தத் தோல் அசைக்கும் காற்றை ஒன்றரை அங்குலக் கூம்பு அசைக்காது.

அப்படியென்றால் வலந்தலை மட்டும் எப்படிப் பிழைக்கிறது? சர் சி.வி. ராமன் 1920-இலும் பிறகு 1934-இலும் மிருதங்கத்தை ஆராய்ந்து எழுதினார். வலந்தலையின் நடுவே இருக்கும் கரணை என்ற கருப்புப் பூச்சு, சாதாரணத் தோலில் ஒழுங்கில்லாமல் எழும் மேற்சுரங்களைச் சுருதிக்கு இணங்க வரிசைப்படுத்திவிடுகிறது என்று காட்டினார். நம் காதுக்கு ஒரு திறமை உண்டு. அடிச்சுரம் காணாமல் போனாலும், மேற்சுரங்கள் வரிசையாக வந்தால் அடிச்சுரத்தை அதுவே ஊகித்துக்கொள்ளும். பாடகர் எம்.டி. ராமநாதனின் அத்தனை தாழ்ந்த சுருதியை இந்தச் சின்னப் பெட்டியில் நம்மால் பின்தொடர முடிவதும் இதனால்தான். தொப்பியிடம் அப்படி வரிசையான மேற்சுரங்கள் வளமாக இல்லை. அதன் உயிர் அடிச்சுரத்திலேயே இருக்கிறது. அடிச்சுரம் போனால் தொப்பியே போயிற்று.

இதற்குப் பரிகாரம் என்று ஊரில் நடக்கும் சில வழக்கங்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஸ்பீக்கரை மண்பானைக்குள் வைக்கிறார்கள். வில்லியனூர் சுடுமண் வேலை நம் வட்டாரத்துக்குப் பெருமை, புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். அந்தப் பானை தண்ணீருக்கும் செடிக்கும் இருக்கட்டும். பானைக்கென்று ஒரு சுரம் உண்டு. அந்த ஒரு சுரத்தை மட்டும் ஊதிப் பெரிதாக்கி, மற்ற எல்லாவற்றின் மேலும் அதைப் பூசிவிடும். எந்த ராகம் போட்டாலும் பானையின் சுரமே முன்னால் நிற்கும். அது சத்தத்தைக் கூட்டுகிறது, சங்கீதத்தைக் கெடுக்கிறது. பேஸை உச்சத்துக்கு ஏற்றுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

தொப்பி தொப்பி என்று நான் ஏன் மன்றாடுகிறேன்? மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்காகத்தான். ஒளிக்காமல் சொல்கிறேன், வேறு எவரைக் காட்டிலும் அவர் மேல் எனக்குப் பித்து அதிகம். 1908-இல் பிறந்து 1962-இல் மறைந்தவர். புதுக்கோட்டை மிருதங்க வழியில் வந்தவர், தந்தை முத்தையா பிள்ளையிடமே பாடம். இடக்கைக்காரர். அதாவது வலந்தலையை இடக்கையால் வாசித்தார், தொப்பி வலக்கைக்கு வந்தது. இடக்கைக்காரர் மேடையில் உட்கார வேண்டுமென்றால் வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்குத் தயங்கிய வித்வான்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்று மேடை கொடுத்தார். பின்னாளில் மதுரை மணி ஐயர் பாட்டுக்குப் பழனி என்பது ரசிகர்கள் தேடிப் போய்க் கேட்கும் சேர்க்கையானது.

அவருடைய கும்கியைக் கேட்டிருப்பீர்கள். தொப்பியில் அடித்த கையின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்தி நகர்த்தினால் ஒலி கீழிருந்து மேலே வளைந்து ஏறும். இதோ, இப்படி. இன்னொரு முறை. எல்லோரும் செய்வதுதான். பழனி செய்யும்போது அந்த வளைவு பாடகரின் கமகத்தோடு சேர்ந்து நடக்கும். ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவலில் மணி ஐயர் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும் இடத்தில் பழனி வலந்தலையைத் தொடவே மாட்டார். ஒரே ஒரு கும்கி, அவ்வளவுதான். அடியை அடுக்கிக் கைதட்டல் வாங்குவது எளிது. அடிக்காமல் விட்ட இடத்தில் தாளத்தை நிறுத்திக் காட்ட எத்தனை பேரால் முடியும்? அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971 முதல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அந்தத் தொப்பியின் நாதம் கடல் தாண்டியும் போயிருக்கிறது.

இப்போது அதே கும்கியைச் சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள். வளைவு கீழே தொடங்குகிறது, அங்கே ஒலி இல்லை. மேலே ஏறி முடிகிற வால் மட்டும் வருகிறது. பழனி எதுவும் வாசிக்காமல் சும்மா இருப்பது போலத் தோன்றும். எனக்கு ஆற்றாமை அங்கேதான். அவருடைய சிறந்த இடங்கள் வெறும் இடைவெளிகளாகப் போய்ச் சேருகின்றன.

சரி, என்ன செய்யலாம்? மூன்று குறிப்புகளாகச் சொல்கிறேன், திரும்பவும் சொல்வேன்: சுவரோரம், பாதி ஒலி, பக்கத்தில்.

சுவரோரம். அடித்தள ஒலி முன்னால் மட்டும் போவதில்லை, எல்லாப் பக்கமும் பரவும். கூடத்தின் நடுவில் டீப்பாய் மேல் வைத்தால் பின்னால் போனது போனதுதான். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் சுவர் அதைத் திருப்பி அனுப்பும். இரண்டு சுவர் சேரும் மூலையானால் இன்னும் கூடும். அதன் கீழே கனமான மரப்பலகை, பலகைக்குக் கீழே மடித்த துணி. பீரோ மேலும் கண்ணாடி ஷோகேஸ் உள்ளேயும் வேண்டாம், அவை சேர்ந்து அதிரும். உருண்டையான எக்கோ டாட்டுக்கு முகம் உண்டு, அந்த முகம் உங்களைப் பார்க்க வேண்டும்.

பாதி ஒலி. ஒலியை ஏற்ற ஏற்ற, சின்னக் கூம்பு கிழியாமல் காப்பதற்காக ஸ்பீக்கருக்குள் இருக்கும் மின்னணு முதலில் பேஸைத்தான் வெட்டும். ரொம்பக் குறைத்தாலும் ஆகாது. மெல்லிய ஒலியில் நம் காதே அடித்தளத்தை விட்டுவிடும் என்று ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே நடுவில் நிறுத்துங்கள். அலெக்சா செயலியின் ஈக்வலைசரில் பேஸ் ஆறு வரை ஏறும். இரண்டோ மூன்றோ போதும். ட்ரெபிளை ஒன்று குறையுங்கள், வலந்தலையின் கூர்மை சற்றே அடங்கித் தொப்பிக்கு வழிவிடும்.

பக்கத்தில். சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லக்கூடாது. மூன்று, நான்கு அடிக்குள் உட்காருங்கள். புது வீடுகளில் வழவழப்பான டைல்ஸ் தரை, மூடாத சுவர், ஒலி முட்டி முட்டித் திரும்புகிறது. ஒரு கோரைப்பாயோ ஜமுக்காளமோ விரித்துப் பாருங்கள், ஜன்னலுக்குத் துணித் திரை போடுங்கள். புதுச்சேரிப் புழுக்கத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அதன் இரைச்சலும் தொப்பி இருக்கும் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது, அதனால் ஒரு எண் குறைத்தால்கூடப் பலன் தெரியும்.

இரண்டு ஸ்பீக்கர் வாங்கி ஜோடி சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். புதுப் பாட்டுகளுக்கு அது நல்லதுதான். பழனி காலத்துக் கச்சேரிப் பதிவுகள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றுக்கு ஒரே ஸ்பீக்கர் போதும், நல்ல இடத்தில் இருந்தால்.

திரும்பச் சொல்கிறேன்: சுவரோரம், பாதி ஒலி, பக்கத்தில்.

இத்தனையும் செய்தாலும் ஒன்றரை அங்குலம் ஒன்றரை அங்குலம்தான். முழுத் தொப்பி வேண்டுமானால் பரணில் கிடக்கும் பழைய டேப்ரெக்கார்டர் செட்டையும் அதன் பெட்டிகளையும் கீழே இறக்குங்கள். எக்கோ டாட் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் பின்னால் 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு, ஐந்தாம் தலைமுறையில் கிடையாது. அந்தத் துளையிலிருந்து செட்டின் ஆக்ஸ் துளைக்கு ஒரு ஒயர் போதும். செட்டில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளை இருந்தால், ஒரு முனையில் ஒற்றைப் பின்னும் மறுமுனையில் இரண்டு பின்னும் உள்ள ஒயராகக் கேட்டு வாங்குங்கள். துளை இல்லாத ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் புளூடூத்தில் பெரிய பெட்டி ஒன்றோடு இணைக்கலாம், நெஸ்ட் மினியிலும் அது முடியும்.

ரெட்டியார்பாளையத்தில் என் மாணவன் ஒருவன் வீட்டில் அவன் தாத்தாவின் பழைய செட்டை இப்படி இணைத்துக்கொடுத்தேன். பழனியின் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டோம். பையன் அதே பதிவைச் சின்ன ஸ்பீக்கரில் எத்தனையோ முறை கேட்டவன். “சார், தொப்பியில இவ்ளோ வாசிச்சிருக்காரா?” என்றான். அடுத்த பாடத்துக்கு வந்தபோது ரவையைத் தானாகவே பிசைந்து, பதம் பார்த்துப் பார்த்து அப்பிக்கொண்டிருந்தான். அதற்கு முன்பெல்லாம் அந்த வேலையை அவசர அவசரமாக முடித்துவிட்டு வலந்தலைக்குத் தாவுவான்.

அடுத்து, மதுரை மணி ஐயர் பாட்டுக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த பதிவு ஒன்று ஒலிபரப்பாகிறது. அதற்கு முன் ஸ்பீக்கரை எடுத்துச் சுவரோரம் வைத்துவிடுங்கள், நேரம் இருக்கிறது.