கத்தியும் ஊசியும்

அடி அண்ணாமலையில் கூடியுள்ள புலவர் அவைக்கு அறுவை ஊசி அயலான பொருளன்று. சேரன் செங்குட்டுவனின் வீரர்தம் மார்புப் புண்களைத் தைத்த நெடிய வெள்ளூசிக்குப் பரணர் பதிற்றுப்பத்தில் ஓர் உவமை தருகிறார். குளிர்ந்த குளத்தில் மீனுக்காகப் பாய்ந்து மேலெழும் சிரல், அதாவது மீன்கொத்தி. இதனை விரைவுக்குச் சொன்ன உவமை என்று மட்டும் கொள்வது போதாது. ஊசி தோலில் சாய்ந்து நுழைந்தால் மேற்பரப்பை மட்டுமே பற்றும். செங்குத்தாக இறங்கி, அடியில் திரும்பி, மறு விளிம்பில் அதே ஆழத்திலிருந்து எழுந்தால்தான் இரு விளிம்புகளும் சற்றே வெளிநோக்கி உயர்ந்து ஒன்றையொன்று தொடும். மீன்கொத்தியின் வழியும் அதுவே. தையலை அருகிருந்து கண்ட கண் அது.

கத்திக்கும் ஒரு வழி உண்டு. வியன்னாவின் கார்ல் லாங்கர், உருண்ட முனைகொண்ட கருவியால் சடலங்களின் தோலில் துளைகள் இட்டு, 1861-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். துளைகள் வட்டமாக நில்லாமல் நீள்வட்டமாக இழுபட்டன. தோலுக்குள் ஓர் இழுவிசை ஓடுகிறது. அதன் போக்கில் கீறினால் விளிம்புகள் மிகுதியாக விலகா. குறுக்கே கீறினால் வாய் பிளக்கும், தழும்பும் அகலும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே இழுப்பில் கீற வேண்டும். தயங்கித் தயங்கிக் கீறிய விளிம்பு பிசிறாகிவிடும். கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூடுவது அடுக்கடுக்காக நிகழ்கிறது. வயிற்றுக் கீறலைத் தாங்குவது தோலன்று, அதன் அடியிலுள்ள வெண்ணிற நார்ப்படலம். அதைத் தைக்கும் நூல் கீறலின் நீளத்தைப்போல் 4 மடங்கேனும் இருக்க வேண்டும். மிக இறுக்கினால் குருதியோட்டம் தடைப்பட்டு விளிம்பே அழியும். நூல் அருகில் நிறுத்துகிறது, ஒட்டுவது உடல். ஒரு வாரத்தில் அவ்வொட்டுக்குப் பழைய வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு. முழுமை ஒருபோதும் இல்லை.

உடல் அப்பணியைச் செய்ய இயலாது போனதையும் இம்மலை கண்டிருக்கிறது. மலையின் தென்புறத்து ஆசிரமத்தில், ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரி 9-இல் அகற்றப்பட்டது. அது மீண்டும் எழுந்தது; மார்ச்சு இறுதியில் மீண்டும் கத்தி. அது சார்க்கோமா என்னும் புற்று. கையையே நீக்கலாம் என்ற யோசனைக்கு அவர் இசையவில்லை. ஆகஸ்டு 7-இல் மூன்றாம் முறை. ரேடியமும் வைத்துப் பார்த்தனர். டிசம்பர் 19-இல் நான்காம் முறை. தேர்ந்த மருத்துவர்களின் கைகளில் பிழையில்லை. அடியில் வளர்ந்துகொண்டிருந்த கட்டி விளிம்புகளைச் சேரவிடவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தபோதும் அந்தப் புண் கட்டுக்குள்தான் இருந்தது.